வட்டியில்லாக் கடன் சங்கம் தொடங்கப் போகிறோம்: ஃபத்வா இருக்கிறது, பாதுகாப்புக்கு என்ன செய்வது?

ஆம்பூர்வாசி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஜமாஅத் பைத்துல்மாலில் (பொது நிதியில்) இருந்து பல வருடங்களாக அவசரக் கடன் கொடுத்து வருகிறோம். சின்னச் சின்னத் தொகைதான். இப்போது இளைஞர்கள் சிலர், இதை முறையான கூட்டுறவுக் கடன் சங்கமாகப் பதிவு செய்து, உறுப்பினர்களிடம் சேமிப்பு வாங்கி, அதிலிருந்து வட்டியில்லாமல் கடன் கொடுக்கலாம் என்கிறார்கள். செருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் பெண்கள் என்று கந்துவட்டியில் சிக்கியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இது.

சங்கத்தின் துணைவிதி (உள்விதி) எழுதும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு சொல்லும் அறிஞர்) ஒருவர் திட்டத்தைப் படித்து ஹலால் என்று ஃபத்வா எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தோடு பெரிய வேலை முடிந்தது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் வாங்கி ஏமாற்றிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனத்தின் கதையைப் பக்கத்து ஊரில் இருந்து பார்த்த எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. பணம் எங்கெங்கே தொலையும், அதை யார் தடுக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாக எழுதுங்கள்.

மேலப்பாளையம்காரன் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் பாய். ஐ.எம்.ஏ. கூட்டுறவுச் சங்கமாக அந்தப் பணத்தை வாங்கவில்லை என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் போட்டவர்களை வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையில் (எல்.எல்.பி.) 'பங்குதாரர்' என்று சேர்த்துக்கொண்டார்கள். வைப்புத்தொகை வாங்கினால் கட்டுப்பாடு வரும், பங்குதாரர் முதலீடு என்றால் வராது என்பதுதான் கணக்கு. 2019 ஜூனில் நிறுவனர் துபாய் போனபோதுதான் பல பேருக்குத் தாங்கள் பத்திரத்தில் யார் என்றே தெரிந்தது. பங்குதாரர் என்று எழுதியிருந்ததே தவிர, ஓட்டும் இல்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையும் நடைமுறையில் இல்லை.

கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு உண்டு. பத்து லட்சம் போட்டவருக்கும் ஆயிரம் போட்டவருக்கும் ஒரே ஓட்டுதான். அது நிஜமாகவே இருந்தால் பாதி ஆபத்து குறையும்.

ஓய்வுபெற்ற தணிக்கையர் எழுதியது:

வணக்கம். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சிக்கன நாணயச் சங்கம், தொடக்க வேளாண்மைச் சங்கம், நகரக் கடன் சங்கம் எல்லாவற்றின் பேரேட்டையும் புரட்டியிருக்கிறேன். வட்டியில்லாச் சங்கங்களை எனக்கு மார்க்க ரீதியாகத் தெரியாது. பணம் எப்படிக் காணாமல் போகும் என்பது தெரியும், அது எல்லாச் சங்கத்திலும் ஒரே மாதிரிதான்.

மேலப்பாளையம் நண்பர் சொன்ன ஓட்டில் இருந்தே தொடங்குகிறேன். பல கடன் சங்கங்களில் சேமிப்பு போடுகிறவர் 'பெயரளவு உறுப்பினர்' அல்லது 'இணை உறுப்பினர்'. பத்து ரூபாயோ நூறு ரூபாயோ வாங்கிக்கொண்டு ஒரு அட்டை கொடுப்பார்கள். அவருக்கு ஓட்டு கிடையாது. ஓட்டுள்ள 'அ' வகுப்பு உறுப்பினர்கள் சில நூறு பேர், பணம் போட்டவர்கள் பல ஆயிரம் பேர் என்று ஆகிவிடும். யாருடைய பணம் ஆபத்தில் இருக்கிறதோ அவருக்குக் கேள்வி கேட்கும் இடம் இல்லை. உங்கள் துணைவிதியில் நான் முதலில் தேடுவது இதைத்தான். சேமிப்புக் கணக்கு தொடங்குகிறவர் பங்கு வாங்கி முழு உறுப்பினர் ஆக வேண்டும் என்று எழுதுங்கள்.

அடுத்தது, அரசு காப்பீடு. வங்கியில், கூட்டுறவு வங்கியிலும் கூட, ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அது கிடையாது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே இதை வெளிப்படையாக எச்சரித்தது, சங்கங்கள் பெயரில் 'வங்கி' என்று போட்டுக்கொள்வதையும் சேர்த்து. இந்த விஷயத்தை உறுப்பினர் விண்ணப்பத்தில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். மறைத்தால் பின்னால் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது, சொந்தக்காரருக்குக் கடன். நான் பார்த்த மோசடிகளில் வெளியாள் வந்து ஏமாற்றியது குறைவு. தலைவரின் மச்சான், செயலாளரின் தொழில் கூட்டாளி, நிர்வாகக்குழு உறுப்பினரின் மனைவி பெயரில் பினாமிக் கடன், இதுதான் அதிகம். ஒரே ஜமாஅத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு, அதனால் 'உறவினருக்குக் கடன் இல்லை' என்று எழுதினால் நடக்காது. அதற்குப் பதில் மூன்று விஷயம் எழுதலாம். நிர்வாகிகள், அவர்கள் குடும்பம், அவர்கள் பங்கு வைத்திருக்கும் கடைகள் எல்லாம் சேர்த்து மொத்தக் கடனில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கடன் பேசப்படும்போது சம்பந்தப்பட்டவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும், அது தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். வருடா வருடம் பொதுக்குழுவில் அந்தப் பட்டியலை நிலுவையோடு வாசிக்க வேண்டும். பன்மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் (பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கான மத்தியச் சட்டம்) 2023 திருத்தம், தனக்கோ உறவினருக்கோ சம்பந்தமான விஷயத்தில் இயக்குநர் உட்காரக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது என்கிறது. நீங்கள் எந்தச் சட்டத்தில் பதிந்தாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் பாகவி எழுதியது:

ஐயா எழுதியதை வரிக்கு வரி ஏற்கிறேன். ஆலிம்கள் தரப்பில் இருந்து சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

முஃப்தி கொடுத்த ஃபத்வா ஒரு ஒப்பந்தத்தின் வடிவத்துக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஒப்பந்தம் கடையில், கவுன்டரில், ரசீதில் அப்படியே நடக்கிறதா என்பது வேறு விஷயம். முராபஹாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தையல் மிஷின் வேண்டும். சங்கம் அதைக் கடையில் வாங்கி, தன் உடைமையாக்கி, அடக்க விலையையும் லாபத்தையும் சொல்லி, தவணையில் அவருக்கு விற்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? கையில் ரொக்கத்தைக் கொடுத்து, 'நீங்களே வாங்கிக்கொண்டு பில் கொண்டுவாருங்கள்' என்கிறார்கள். சில சமயம் பில்லும் வராது. அப்போது அது விற்பனை அல்ல, கூடுதலாகத் திருப்பி வாங்கும் கடன். ஃபத்வாவின் தாள் அப்படியே இருக்கும், உள்ளே நடப்பது ரிபா (வட்டி) ஆகிவிடும். எழுதிக் கொடுத்த முஃப்திக்கு இது தெரியவே வராது, ஏனென்றால் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கோப்பைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஆகவே சங்கம் மார்க்கப்படி நடக்கிறதா என்று பார்க்கும் ஷரீஆ குழுவுக்கு வருடத்துக்கு இரண்டு முறையாவது, கையில் அகப்பட்ட கோப்புகளைத் தாங்களே எடுத்துப் பார்க்கும் அதிகாரம் வேண்டும். சங்கம் பொறுக்கி எடுத்துத் தரும் கோப்பு வேண்டாம். அவர்களைப் பொதுக்குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களுடைய மதிப்பூதியத்தையும் பொதுக்குழுவே முடிவு செய்ய வேண்டும். தலைவர் கையால் மாதாமாதம் கவர் வாங்கும் ஹஜ்ரத், அந்தத் தலைவரின் கடனைப் பற்றிக் கேட்பது கஷ்டம்.

'நம்ம ஆளுதானே, எழுத்து எதற்கு' என்று இரக்கம் காட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். குர்ஆனின் மிக நீளமான வசனம், 2:282, கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. தொகை சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பல் படாதீர்கள் என்று அதில் வருகிறது. சாட்சி யார், எழுதுகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்பது வரை வருகிறது. அடுத்த வசனம் அடமானத்தைப் பேசுகிறது. நபி (ஸல்) அவர்களே தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடமானம் வைத்துத் தானியம் வாங்கியதாக ஹதீஸ் இருக்கிறது. ஜாமீன் கேட்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

தவணை தவறியவர் விஷயத்தில் இரண்டு வகை ஆள் உண்டு. நிஜமாகக் கஷ்டப்படுகிறவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது 2:280. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று ஹதீஸ் சொல்கிறது. யார் எந்த வகை என்று தீர்மானிக்க, கடன் கொடுத்த அதே ஆட்கள் இல்லாத ஒரு சிறு குழு வேண்டும். தாமதத்துக்கு ஒரு தொகை வாங்கினால் அது சங்கத்தின் வருமானமாகக் கூடாது, தர்மத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: பைத்துல்மால் ஜகாத் (கட்டாய தர்மம்) பணத்தையும் சங்கத்தின் சேமிப்பையும் ஒரே வங்கிக் கணக்கில் ஒருநாள் கூட வைக்காதீர்கள். ஜகாத் பெறுகிறவர்களின் உரிமை அது. சங்கத்தின் ஓட்டையை அடைக்கும் பணம் அல்ல.

ஆம்பூர்வாசி எழுதியது:

ஜஸாக்கல்லாஹு கைர். தணிக்கையர் ஐயாவிடம் ஒரு கேள்வி. நாங்கள் கடனுக்குச் 'சேவைக் கட்டணம்' 6 சதவீதம் வாங்கலாம் என்று பேசியிருக்கிறோம். அலுவலகச் செலவுக்கு மட்டும். இது போதுமா?

ஓய்வுபெற்ற தணிக்கையர் எழுதியது:

போதுமா என்பதற்கு முன்னால், அது சரியா என்று பாருங்கள் பாய். ஒரு கணக்கு போடுவோம். வருடம் முழுக்கச் சராசரியாக 1.5 கோடி கடன் வெளியே நிற்கிறது, வாடகை, சம்பளம், மென்பொருள், தணிக்கைக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் செலவு 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீதம் சரி. அடுத்த வருடம் கடன் 3 கோடி ஆகிறது, செலவு 12 லட்சம்தான் ஆகிறது. இப்போது உண்மையான விகிதம் 4 சதவீதம். நீங்கள் பழக்கத்தில் 6 சதவீதமே வாங்கினால் 18 லட்சம் வரும், 6 லட்சம் மிஞ்சும். அந்த 6 லட்சத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஹஜ்ரத்தைத்தான் கேட்க வேண்டும், ஆனால் அது செலவு இல்லை என்பது எனக்குத் தெரியும். வருடா வருடம் செலவைக் கணக்கிட்டு விகிதத்தைத் திருத்தி, அதைத் தணிக்கையாளர் சான்றளித்து, நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

ஆனால் இதில்தான் வட்டியில்லாச் சங்கத்தின் உண்மையான பலவீனம் இருக்கிறது, இதை உங்கள் குழு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வட்டி வாங்கும் சங்கத்துக்கு வட்டியில் ஒரு பகுதி வாராக்கடனுக்காக ஒதுங்குகிறது. உங்களுக்குச் செலவு மட்டுமே கிடைக்கிறது. 3 கோடியில் 2 சதவீதம் வராமல் போனால் 6 லட்சம். அதை யார் தாங்குவது? சேமிப்பு போட்டவரிடம் 'உங்கள் அசல் பத்திரம்' என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறீர்கள். அதில் கை வைக்க முடியாது. வருமானத்தில் மிச்சமே இல்லை என்றால் சேமநிதி எங்கிருந்து வளரும்? பன்மாநிலச் சட்டம் நிகர லாபத்தில் 25 சதவீதம் சேமநிதிக்கும், 10 சதவீதம் எதிர்பாரா நஷ்டத்துக்கும் ஒதுக்கச் சொல்கிறது. லாபமே இல்லாத இடத்தில் இந்த விதி வெறும் எழுத்து.

எனக்குத் தெரிந்த வழி பங்குத்தொகை. கடன் வாங்குகிறவர் கடனில் 10 சதவீதம் பங்கு வைத்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். 50,000 வேண்டும் என்றால் 5,000 பங்கு. 3 கோடி கடனுக்கு 30 லட்சம் பங்கு மூலதனம் நிற்கும், நஷ்டம் வந்தால் முதலில் அது தாங்கும். ஊர்க்காரர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் நன்கொடை தர முன்வந்தால், கட்டடம் கட்டாமல் அதை நஷ்டத் தாங்கு நிதியாக வையுங்கள். ஹஜ்ரத் சொன்ன முராபஹா வியாபாரத்தைச் சரியாகச் செய்தால் அதில் வரும் லாபம் சேமநிதிக்குப் போகலாம். அதற்குப் பொருள் வாங்கி விற்க உங்கள் துணைவிதியில் அனுமதி இருக்க வேண்டும்.

நாகூர் சகோதரி எழுதியது:

எங்கள் தெருவில் சேமிப்பு வசூல் பண்ணுகிறவள் நான். பெரிய பெரிய விதிகளோடு இதையும் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே. தினம் 20 ரூபாய், 50 ரூபாய் கொடுக்கிற பெண்களில் பாதிப் பேர் பாஸ்புக்கை வசூலிக்கிற ஆளிடமே கொடுத்து வைத்துவிடுவார்கள். 'நீயே வச்சுக்கம்மா, வீட்டுல பசங்க கிழிச்சிரும்' என்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கும். பாஸ்புக் வசூல் ஆளிடம் இருக்கக்கூடாது என்று விதி போடுங்கள். பணம் கட்டியதும் உறுப்பினர் போனுக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும், அந்த போன் நம்பர் கணவருடையதா அந்தப் பெண்ணுடையதா என்றும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வசூல் ஆளை வேறு தெருவுக்கு மாற்றுங்கள். புது ஆள் போகும்போதுதான் பழைய கணக்கில் உள்ள வித்தியாசம் தெரியும்.

பெண்கள் பெயரில் கடன் வாங்கி ஆண்கள் செலவழிப்பதும் உண்டு. கையெழுத்து வாங்கும்போது அவர்களைத் தனியாக உட்கார வைத்து, 'இந்தத் தொகை உங்கள் பெயரில் வருகிறது, தெரியுமா' என்று ஒரு பெண் ஊழியர் கேட்க வேண்டும்.

கிள்ளான்வாசி எழுதியது:

மலேசியாவில் கூட்டுறவுத் துறையில் வேலை பார்க்கிறேன். இங்கே இந்த விஷயத்தில் கசப்பான வரலாறு இருக்கிறது. 1986-இல் சேமிப்பு வாங்கிக்கொண்டிருந்த 24 கூட்டுறவுகள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின, மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு அவற்றின் கணக்குகளை முடக்க வேண்டியதாயிற்று. அவை இஸ்லாமியக் கூட்டுறவுகள் அல்ல. ஆனால் காரணங்களைப் படித்தால் ஐயா சொன்னதேதான்: இயக்குநர்கள் தங்களுக்கும் தங்கள் கம்பெனிகளுக்கும் கடன் கொடுத்துக்கொண்டது, நிலத்திலும் பங்குச் சந்தையிலும் குறுகிய காலச் சேமிப்பைப் போட்டது. பிற்காலத்தில் 2008-இல் கூட்டுறவு ஆணையம் அமைந்தது. இப்போது ஷரீஆ அடிப்படையில் நடக்கும் கூட்டுறவுகளுக்கு அந்த ஆணையத்தின் தனி ஷரீஆ நிர்வாக வழிகாட்டி இருக்கிறது. ஆனாலும் இங்கேயும் கூட்டுறவில் போடும் பணத்துக்கு வைப்புக் காப்பீடு கிடையாது.

இங்கே கூட்டுறவுகள் தாங்குவதற்கு ஒரு காரணம், அரசு ஊழியர் சம்பளத்தில் இருந்தே அங்காசா (தேசியக் கூட்டுறவுக் கூட்டமைப்பு) வழியாகத் தவணை பிடிக்கப்படுவது. தள்ளுவண்டிக்காரருக்கு அது இல்லை. ஆகவே எங்கள் வாராக்கடன் விகிதத்தைப் பார்த்து நீங்கள் திட்டம் போடாதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு இந்தோனேசியாவின் பைத்துல் மால் வத் தம்வீல் சங்கங்கள்தான் நெருக்கம். சந்தைக் கடைக்காரர்கள், மதரஸாவைச் சுற்றியுள்ள ஊர்கள். கிழக்கு ஜாவாவின் சிடோகிரி மதரஸாவைச் சுற்றி 1997-இல் சின்னதாகத் தொடங்கியது இன்று பெரிய வலையாக இருக்கிறது. அவர்களுக்குத் தர்மப் பிரிவும் (பைத்துல் மால்) வணிகப் பிரிவும் (தம்வீல்) பெயரிலேயே தனித்தனி, பாகவி ஹஜ்ரத் சொன்ன மாதிரி. அவர்கள் ஒவ்வொரு வருடமும் படும் பாடு பெருநாளுக்கு முந்தைய வாரங்கள். துணிமணி, ஊருக்குப் பயணம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சேமிப்பை எடுப்பார்கள். ஷரீஆ சங்கம் என்பதால் பக்கத்து வங்கியில் வட்டிக்கு அவசரக் கடனும் வாங்க முடியாது. அதனால் சங்கங்கள் சேர்ந்து மேலே ஒரு கூட்டமைப்பு வைத்து, மிச்சம் உள்ள சங்கம் தட்டுப்பாடு உள்ள சங்கத்துக்கு உதவும் ஏற்பாடு செய்துகொண்டன. உங்கள் மாவட்டத்தில் இப்படிச் சங்கம் நடத்துகிறவர்கள் வேறு யாராவது இருந்தால் இப்போதே பேசி வையுங்கள்.

ஓய்வுபெற்ற தணிக்கையர் எழுதியது:

கிள்ளான் நண்பர் ரொக்கத் தட்டுப்பாட்டைத் தொட்டுவிட்டார். நான் அதைத்தான் கடைசியாக எழுத நினைத்தேன், ஏனென்றால் நல்ல சங்கங்களும் இதில்தான் விழுகின்றன. மோசடியே வேண்டியதில்லை.

சேமிப்பு 1 கோடி. 80 லட்சத்தை 20 மாதத் தவணையில் கொடுத்துவிட்டீர்கள். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினாலும் மாதம் திரும்புவது 4 லட்சம். கையில் 20 லட்சம். இப்போது ஐந்து பெரிய சேமிப்பாளர்கள் ஒரே மாதத்தில் 25 லட்சம் கேட்டால்? ஒருவர் மகள் கல்யாணம், ஒருவர் நிலம், ஒருவர் வெறும் வதந்தி. கையிருப்பையும் அந்த மாத வசூலையும் முழுக்கத் துடைத்துக் கொடுத்தாலும் ஒரு லட்சம் குறைகிறது. ஒருவருக்கு 'அடுத்த வாரம் வாருங்கள்' என்று சொன்னால் போதும், அன்று மாலையே தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆகவே ஒவ்வொரு மாதமும் நிர்வாகக்குழு மேசைக்கு ஒரே ஒரு தாள் வர வேண்டும். பெரிய பத்து சேமிப்பாளர்கள் யார், மொத்தத்தில் எத்தனை சதவீதம். பெரிய பத்து கடன்தாரர்கள் யார். 30 நாள், 90 நாள் தாண்டிய தவணை எவ்வளவு. கையில், வங்கியில் ரொக்கம் எவ்வளவு. அடுத்த மூன்று மாதத்தில் வரவும் போக்கும் எவ்வளவு, அதில் ரமலானும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் தனியாக. தனி ஆள் சேமிப்புக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், பெரிய தொகைக்கு முன்னறிவிப்புக் காலம் வையுங்கள். வசதியுள்ள ஒருவர் 20 லட்சம் கொண்டுவந்து கொடுக்கும்போது மறுப்பது கஷ்டம்தான். மறுக்கத்தான் வேண்டும்.

நகைக்கடன் கொடுப்பீர்கள் என்றால் அதற்குத் தனி எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2021-இல் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காக ஆய்வு நடந்தபோது, கூட்டுறவுச் சங்கங்களில் கவரிங் நகையும், நகையே இல்லாத கடனும் வெளிவந்தன. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். மதிப்பீட்டாளரும் கடன் அனுமதிப்பவரும் வேறு வேறு. முன்னறிவிப்பு இல்லாமல் வேறு மதிப்பீட்டாளரைக் கொண்டு சில பைகளைப் பிரித்து மறு எடை.

ஆம்பூர்வாசி எழுதியது:

குழுவில் இதை அப்படியே வாசிக்கப் போகிறேன். கடைசியாக இரண்டு சந்தேகம். கையிருப்புப் பணத்தை வங்கியில் வைத்தால் வட்டி வருமே, அதை என்ன செய்வது? மாநிலச் சட்டத்தில் பதிவதா, பன்மாநிலச் சட்டத்திலா? பன்மாநிலத்தில் கெடுபிடி குறைவு என்று ஒருவர் சொல்கிறார்.

வேலூர் பாகவி எழுதியது:

முடிந்தவரை வட்டி வராத நடப்புக் கணக்கில் வையுங்கள். சட்டப்படி வைப்பாக வைத்தே ஆக வேண்டிய தொகைக்கு வட்டி வந்தால், அதைத் தனிப் பேரேட்டில் எழுதி, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்கோ பொதுத் தேவைக்கோ கொடுத்துவிட வேண்டும் என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. சங்கத்தின் செலவுக்கோ நஷ்டத்துக்கோ அதைத் தொடக்கூடாது. ஷரீஆ குழு அந்தப் பேரேட்டைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஓய்வுபெற்ற தணிக்கையர் எழுதியது:

கெடுபிடி குறைவு என்பதைக் காரணமாகச் சொல்லும் ஆளைக் கவனமாகப் பாருங்கள் பாய். பன்மாநிலச் சங்கம் என்றால் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது 50 பேர் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், பதிவாளர் டெல்லியில். சஹாரா குழுமத்தின் நான்கு சங்கங்கள் அந்த வகைதான். பணம் போட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் 5,000 கோடியை ஒதுக்க உத்தரவிட வேண்டியிருந்தது. அதே வருடத் திருத்தத்தில் குறைதீர்ப்பாளர், தேர்தல் ஆணையம் எல்லாம் வந்திருக்கின்றன, நல்லதுதான். ஆனால் ஓர் ஊருக்கான சங்கத்துக்கு மாவட்டத்திலேயே அலுவலகம் உள்ள சட்டம் வசதி. தமிழ்நாட்டுச் சட்டத்தில் உறுப்பினர்கள் மனு கொடுத்து 81-ஆம் பிரிவில் விசாரணை கேட்கலாம், நஷ்டம் ஏற்படுத்திய நிர்வாகியிடம் 87-ஆம் பிரிவில் அந்த நஷ்டத்தைத் தண்டத்தீர்வையாக வசூலிக்கலாம். வட்டி இல்லாத துணைவிதியைப் பதிவு செய்ய, துணைப்பதிவாளர் அலுவலகத்தில் சில நடை கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். சேவைக் கட்டணக் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள். வரைவு துணைவிதி தயாரானதும் இங்கே போடுங்கள், தணிக்கை, கடன் வரம்பு சம்பந்தமான பிரிவுகளை நான் படித்துத் தருகிறேன்.

நாகூர் சகோதரி எழுதியது:

பாஸ்புக் விதியும் அதில் இருக்கட்டும் அண்ணே.